காலிப் பையா... கிழிந்த பையா? மேலகரம் பழக்கடையில் ஒரு பேட்டரியின் வரவு செலவு!

இரவு மணி எட்டு. ரோட்டோரப் பழக்கடையில் தொங்கிய இரண்டு எல்இடி பல்புகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

அப்பா ஒன்றும் பேசவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஒரு உதறு உதறிவிட்டு, செல்போன் டார்ச்சைப் பழக்கூடையின் மேல் சாய்த்து வைத்தார். குற்றாலத்திலிருந்து திரும்பிய கார் ஒன்று வேகத்தைக் குறைத்தது. இருட்டைப் பார்த்ததும் அப்படியே போய்விட்டது. அன்றோடு நான்காவது இரவு.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்புகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவார்கள். ரோட்டோரக் கடைக்காரர்களுக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கிற மாதங்கள் இவைதான். அதிலும் வியாபாரம் சூடு பிடிப்பது பொழுது சாய்ந்த பிறகு. அந்த நேரத்தில் விளக்கு இல்லை என்றால், கடையே இல்லை என்றுதான் அர்த்தம்.

கடைக்கு மின் இணைப்பு கிடையாது. கூரை மேல் 40 வாட் சோலார் பேனல், அதற்கு ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், மேசைக்கு அடியில் 12 வோல்ட், 26 ஆம்பியர்-மணி பேட்டரி, இரண்டு 9 வாட் பல்புகள். போன வருஷம் வாங்கியது. மே மாதம் வரை ஒரு குறையும் இல்லை. சாரல் தொடங்கியதும் தொல்லையும் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அப்பா பேட்டரியைக் கடைக்குத் தூக்கிப் போனார். அங்கே மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 11.6 வோல்ட்.

"இது அவ்வளவுதான் அண்ணாச்சி. வேற போட்டுருங்க."

புது பேட்டரி 3,000 ரூபாய்க்குக் குறையாது. அம்மா கம்மலைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து வைத்தாள். இரண்டு நாளில் அடகு வைப்பதாகப் பேச்சு.

இதை எல்லாம் சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் மகள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு. அவளிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் ஓர் ஆர்டுயினோ பலகை, கலர் கலராக வயர்கள், ஒரு சின்னத் திரை, மிச்சம் பிடித்த காசில் வாங்கிய இரண்டு சென்சார் மாட்யூல்கள்.

"எப்பா, ரெண்டு நாள் பொறுங்க. பேட்டரி கெட்டுப் போச்சான்னு அளந்து பாத்துருவோம்" என்றாள்.

"அதான் கடையில அளந்துட்டாகளே..."

தபால்தலை அளவில் ஒரு கணக்குப்பிள்ளை

அவள் வைத்திருந்த மாட்யூலின் பெயர் ஐஎன்ஏ219. பெரிய தபால்தலை அளவுதான் இருக்கும். விலை ஏறக்குறைய 200 ரூபாய். நடுவில் இருக்கும் சிப், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஒரு கம்பியில் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது, அங்கே எவ்வளவு வோல்டேஜ் இருக்கிறது என்ற இரண்டையும் இது ஒரே நேரத்தில் அளந்து, இரண்டே கம்பிகள் வழியாக ஆர்டுயினோவுக்குச் சொல்லிவிடும்.

வேலை செய்யும் விதம் எளிது. அந்தப் பலகையில் 'ஆர்100' என்று அச்சடித்த ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அதன் மின்தடை 0.1 ஓம். கரன்ட் அதன் வழியாகப் போகும்போது இரு முனைகளுக்கும் இடையில் துளி வோல்டேஜ் உண்டாகும். 1 ஆம்பியர் போனால் 0.1 வோல்ட், 2 ஆம்பியர் போனால் 0.2 வோல்ட். 1827-ல் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் ஓம் எழுதிவைத்த அதே விதிதான். அந்தத் துளி வோல்டேஜை அளந்து, இவ்வளவு கரன்ட் போகிறது என்று சிப் கணக்குச் சொல்லும்.

இதெல்லாம் அவளுக்குப் பாடத்தில் தெரியும். ஆனால், அன்று மதியம் அவசரத்தில் மறந்துபோனது.

மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்ப்பதுபோல நினைத்துக்கொண்டு, மாட்யூலின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறு முனையை மைனஸிலும் வைத்தாள். 'சுர்ர்' என்று ஒரு சத்தம். பொறி பறந்தது. 'ஆர்100' கறுத்து, அதிலிருந்து புகை சுருண்டு எழுந்தது.

பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் வெறும் 0.1 ஓம் தடையை வைப்பதும், ஒரு கம்பியை வைத்து இணைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 12 வோல்ட்டை 0.1 ஓமால் வகுத்தால் 120 ஆம்பியர். பாதி செத்த பேட்டரி அவ்வளவையும் தள்ளாதுதான். ஆனால், ஓர் அரிசி மணி அளவு ரெசிஸ்டரைக் கருக்க அதில் பத்தில் ஒரு பங்கே தாராளம்.

புகை வாசனைக்கு அப்பா எட்டிப் பார்த்தார்.

"வெளயாட்டுச் சாமான் வாங்கக் காசு இருக்கு. கடைக்கு விளக்கு வாங்கத்தான் காசு இல்ல."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அலுப்பில் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அருவியின் உயரமும் ஆற்றின் தண்ணீரும்

பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். மின்சார வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மிச்சம் இருந்த ஒரு மாட்யூலையும் கருகிப்போன மாட்யூலையும் எடுத்துக்கொண்டு அவள் அங்கே போனாள்.

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ பிள்ள, இது ஆம்மீட்டருல்லா? இதைக் கொண்டுபோய் பேட்டரிக்குக் குறுக்க வச்சா எரியாம என்ன செய்யும்?"

பிறகு திண்ணையில் உட்காரவைத்து, பாடப் புத்தகம் சொல்லாத முறையில் சொன்னார்.

"கரன்ட்டுங்கிறது ஆத்துல ஓடுற தண்ணி. எம்புட்டு ஓடுதுன்னு தெரியணும்னா தண்ணி போற வழியிலயே நிக்கணும். வோல்டேஜ்ங்கிறது அருவியோட உயரம். அதுக்குத் தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம். பக்கத்துல நின்னு அண்ணாந்து பாத்தாப் போதும். ஒன் சாமான் ரெண்டையும் சேத்துப் பாக்குது. அப்போ எங்க நிக்கணும்?"

"தண்ணி போற வழியில."

"அம்புட்டுதான்."

அவள் வீட்டுக்கு வந்து, சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரியின் பிளஸ்ஸுக்குப் போகும் கம்பியை நடுவில் வெட்டினாள். கன்ட்ரோலர் பக்கத்து முனையை மாட்யூலின் 'வின் பிளஸ்'ஸிலும், பேட்டரி பக்கத்து முனையை 'வின் மைனஸ்'ஸிலும் முறுக்கினாள். இப்போது பேட்டரிக்குள் போகும் கரன்ட்டும், பேட்டரியிலிருந்து வெளியே வரும் கரன்ட்டும் அந்த மாட்யூலைக் கடந்துதான் ஆக வேண்டும்.

திரையில் கரன்ட் சரியாக வந்தது. வோல்டேஜ் மட்டும் 2.3, 0.9, 4.1 என்று பைத்தியம் பிடித்ததுபோல ஆடியது. அரை மணி நேரம் புரோகிராமைத் திருத்திப் பார்த்தாள். தாத்தா சொன்னது அப்புறம்தான் உறைத்தது. வோல்டேஜ் என்பது உயரம். உயரத்தை எங்கிருந்து அளப்பது? தரையிலிருந்து. பேட்டரியின் மைனஸையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் ஒரு கம்பியால் இணைக்க அவள் மறந்திருந்தாள். இணைத்ததும் எண் 11.9-ல் வந்து நின்றது.

இரண்டு மாட்யூல்கள் வேண்டும் என்றுதான் அவள் முதலில் திட்டம் போட்டிருந்தாள். பேனலுக்கு ஒன்று, பல்புக்கு ஒன்று. ஒன்று கருகிவிட்டது. ஆனால், ஐஎன்ஏ219-க்கு ஒரு நல்ல குணம் உண்டு. கரன்ட் எந்தத் திசையில் போனாலும் அளக்கும். ஒரு திசையில் போனால் எண், எதிர்த் திசையில் போனால் அதே எண்ணுக்கு முன்னால் மைனஸ். பகலில் பேனல் பேட்டரிக்குக் கொடுக்கும். அது பிளஸ். இரவில் பல்பு பேட்டரியிலிருந்து எடுக்கும். அது மைனஸ். பேட்டரிக் கம்பியில் வைத்துவிட்டதால் ஒரே மாட்யூல் போதும்.

நொடிக்கு ஒரு முறை கரன்ட்டைப் படித்து, பிளஸ்ஸை ஒரு பக்கமும் மைனஸை ஒரு பக்கமும் கூட்டிக்கொண்டே போகும்படி புரோகிராம் எழுதினாள். 1 ஆம்பியர் கரன்ட் ஒரு மணி நேரம் ஓடினால் அது 1 ஆம்பியர்-மணி. ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி. கூட்டி வரும் தொகையை 3,600-ஆல் வகுத்தால் கணக்கு முடிந்தது. அளக்கிற கருவியே பேட்டரியிலிருந்து சாப்பிட்டால் கணக்கு குழம்பும் என்று, ஆர்டுயினோவுக்குத் தன் பவர் பேங்க்கைக் கொடுத்தாள்.

திரையில் இரண்டு எண்கள். அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்று ஒன்றின் பக்கத்தில் 'வரவு' என்றும், மற்றொன்றின் பக்கத்தில் 'செலவு' என்றும் காகிதம் வெட்டி ஒட்டினாள்.

மூன்று நாள் கணக்கு

"எப்பா, ராத்திரி விளக்கு அணைஞ்சதும் மணியையும் இந்த ரெண்டு நம்பரையும் ஒங்க நோட்டுல எழுதி வைங்க. அது போதும்."

அப்பாவின் நோட்டு பழைய நோட்டு. எத்தனை கிலோ வாங்கியது, எத்தனை கிலோ விற்றது, அழுகியது எத்தனை எல்லாம் அதில் இருக்கும். முதல் நாள் இரவு வேண்டாவெறுப்பாகத்தான் எழுதினார். தினமும் 6.30-க்குப் போடும் விளக்கு அன்று 8.05-க்கு அணைந்தது. வரவு 2.7. செலவு 2.4.

இரண்டாம் நாள் மதியம் மேகம் விலகி, இரண்டு மணி நேரம் வெயில் அடித்தது. அன்று வரவு 4.1. விளக்கு கிட்டத்தட்ட ஒன்பது மணி வரை எரிந்தது. செலவு 3.7.

மூன்றாம் நாள் மலையே தெரியவில்லை. காலையிலிருந்து சாரல். வரவு 1.9. விளக்கு 7.40-க்கெல்லாம் அணைந்தது. செலவு 1.7.

அன்று இரவு வீட்டுக்கு வந்த அப்பா, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நோட்டைப் பிரித்து வைத்தார். மகள் எதுவும் விளக்கும் முன்பே அவரே விரலை வைத்துக் காட்டினார்.

"ஏம்மா, இது குடுத்ததைக் குடுத்தபடி திருப்பித் தருதே! அன்னன்னைக்கு வந்தத அன்னன்னைக்கே செலவழிக்கி. கையில ஒண்ணும் நிக்கல, அம்புட்டுதான்."

அவள் சொல்ல நினைத்ததும் அதுதான். இரண்டு பல்பும் சேர்ந்து 18 வாட். 12 வோல்ட்டில் அது 1.5 ஆம்பியர். பேட்டரி திருப்பித் தந்த 2.4 ஆம்பியர்-மணியை 1.5-ஆல் வகுத்தால் 1 மணி 36 நிமிடம். 6.30-க்குப் போட்ட விளக்கு எட்டு மணி சுமாருக்கு அணைய வேண்டும். அப்படியேதான் அணைந்தது.

வெயில் காலத்தில் அந்த 40 வாட் பேனல் உச்சி நேரத்தில் 2 ஆம்பியருக்கு மேல் தரும். ஒரு நாளில் பத்து ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் சேரும். கடையை 11 மணிக்கு அடைக்கும் வரை இரண்டு பல்பும் எரிந்தால் செலவு 6.8. ஆக, மே மாதம் வரை பேட்டரியின் கையில் மிச்சம் இருந்துகொண்டே இருந்தது. சாரல் மேகம் மூடியதும் பேனல் தந்தது சராசரியாக 0.3 ஆம்பியர். வியாபாரம் கூடுகிற மாதத்தில் வெயில் குறைந்துவிட்டது. முதல் மூன்று நான்கு நாள் பழைய சேமிப்பு கைகொடுத்தது. அதன் பிறகு பேட்டரி அன்றாடங்காய்ச்சி ஆகிவிட்டது.

அப்படியானால் பேட்டரிக் கடையில் மீட்டர் காட்டிய 11.6 வோல்ட் பொய்யா? இல்லை. ஒரு நல்ல 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி முழுதாக நிரம்பி ஓய்வில் இருந்தால் 12.7 வோல்ட் அளவில் காட்டும். பாதி இருந்தால் 12.2 பக்கம். 11.6 என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. அது உண்மை. ஆனால், காலியாக இருப்பது வேறு, கெட்டுப்போனது வேறு. காலிப் பையும் கிழிந்த பையும் தொங்கும்போது ஒன்று போலத்தான் இருக்கும். ஏதாவது போட்டு, திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வோல்டேஜ் மட்டும் பார்ப்பது பையை வெளியிலிருந்து பார்ப்பது. கரன்ட்டை நேரத்தோடு சேர்த்துக் கூட்டுவதுதான் போட்டு எடுத்துப் பார்ப்பது.

நூறு ரூபாய் போட்டால் தொண்ணூறு திரும்பக் கிடைக்கிறது. ஈய-அமில பேட்டரி கொடுத்தது முழுவதையும் திருப்பித் தராது. இவ்வளவு தருகிற பேட்டரியைச் செத்துப்போனது என்று சொல்ல முடியாது.

ராக்கெட்டுக்கும் அதே பாடம்

அம்மாவுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. "முழுசா நிரப்பிப் பாத்துட்டா தெரிஞ்சுரும்லா" என்றாள். சரியான கேள்வி. தாத்தா வீட்டுப் பரணில் பழைய 5 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் ஒன்று இருந்தது. பேட்டரியை டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார் அப்பா.

சார்ஜரின் கம்பியிலும் மாட்யூலை மாட்ட மகள் கையை நீட்டினாள். தாத்தா தடுத்தார்.

"அது எம்புட்டுத் தாங்கும்?"

ஐஎன்ஏ219 மாட்யூல் 3.2 ஆம்பியர் வரைதான் அளக்கும். சார்ஜர் தருவது 5. அதற்கு மேல் போனால் சென்சார் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாது. தன் உச்ச எண்ணிலேயே நின்றுகொண்டு, அதுதான் உண்மை என்று காட்டும். ரெசிஸ்டரும் சூடாகும். சென்சார் தன் எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அவளுக்கே நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் இருந்தது.

2022 ஆகஸ்ட் 7-ம் தேதி இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதில் ஆசாதிசாட் என்ற சின்ன செயற்கைக்கோளும் இருந்தது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அவர்களை ஒன்றுசேர்த்திருந்தது.

ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில், முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் கொஞ்ச நேரம் தங்கள் எல்லையைத் தாண்டிவிட்டன. சென்சார்கள் கெட்டுவிட்டன என்று கணினி முடிவுகட்டி, மாற்று வழிக்குப் போனது. 356 கிலோமீட்டர் வட்டப்பாதையில் விட வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த பாதையில் போய்ச் சேர்ந்தன. அந்த உயரத்தில் நிலைக்க முடியாது. சென்சார்கள் கெடவில்லை. அவற்றைக் கெட்டது என்று நினைத்ததுதான் கெடுத்தது. தவறைத் திருத்திக்கொண்டு 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாவது எஸ்எஸ்எல்வி பறந்தது. ஆசாதிசாட்-2 சரியான பாதையில் சேர்ந்தது.

நல்ல நிலையில் இருப்பதைக் கெட்டது என்று முடிவுகட்டுவது ராக்கெட்டிலும் நடக்கும், பழக்கடையிலும் நடக்கும். அவள் கையை இழுத்துக்கொண்டாள். சார்ஜருக்கு மாட்யூல் வேண்டாம். ராத்திரி முழுக்க பேட்டரி சார்ஜ் ஆகட்டும்.

மறுநாள் சாயங்காலம் கடையில் விளக்கு எரிந்தது. எட்டு அடித்தது. அப்பா பல்பைப் பார்த்தார். ஒன்பது அடித்தது. பத்து. பதினொன்றுக்கு அவரே கையால் அணைத்தார். செலவு 6.8. அதற்கடுத்த நாள் வீட்டில் சார்ஜ் போடவில்லை. அன்றும் பதினொன்று வரை எரிந்தது.

கம்மல் அம்மாவின் காதுக்குத் திரும்பியது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

நீங்கள் செய்து பார்க்க நினைத்தால்...

அவள் கற்றுக்கொண்டவை உங்களுக்கும் உதவும்.

மாட்யூலை பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைக்கவே கூடாது. கரன்ட் போகும் வழியை வெட்டி, நடுவில்தான் வைக்க வேண்டும். வெட்டும் முன் பேனல் கம்பியையும் பேட்டரி கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

கிரவுண்ட் கம்பியை மறந்தால் வோல்டேஜ் எண் ஆடும். புரோகிராமைத் திருத்தும் முன் அந்தக் கம்பியைப் பாருங்கள்.

எல்லையை முதலில் படியுங்கள். இந்த மாட்யூல் 26 வோல்ட் வரை, 3.2 ஆம்பியர் வரை. 12 வோல்ட் பேனல் வெயிலில் சும்மா இருக்கும்போது 22 வோல்ட் பக்கம் காட்டும். அது பரவாயில்லை. 24 வோல்ட் பேனல் 40-ஐத் தாண்டும். அதில் மாட்டினால் சிப் போய்விடும். சிப்புக்குக் கொடுக்கும் மின்சாரம் தனி. அது 3 முதல் 5.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

அதிக கரன்ட் அளக்க வேண்டுமென்றால் ஏசிஎஸ்712 போன்ற ஹால் சென்சார்கள் 5, 20, 30 ஆம்பியர் வகைகளில் கிடைக்கின்றன. கரன்ட்டால் உண்டாகும் காந்தப் புலத்தை வைத்து அளப்பவை இவை. சின்னச் சின்ன கரன்ட்டை அளப்பதில் ஐஎன்ஏ219 அளவுக்குத் துல்லியம் இருக்காது.

வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் இந்த மாட்யூலைத் தொடவே கூடாது. இது பேட்டரி, சோலார் போன்ற டிசி மின்சாரத்துக்கு மட்டும். 230 வோல்ட் விளையாட்டுச் சாமான் அல்ல. அதற்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் வேண்டும்.

இன்னொன்று. ஈய-அமில பேட்டரியைத் தொடர்ந்து காலியாகவே வைத்திருந்தால், உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து உண்மையாகவே செத்துவிடும். காலிப் பையை நாள் கணக்கில் வெயிலிலும் மழையிலும் தொங்கவிட்டால் கிழிந்துதானே போகும்? கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது. சீக்கிரம் தெரிய வேண்டும்.

காத்து ஓவர்டைம்

இப்போது கடையில் இரண்டு 5 வாட் பல்புகள் எரிகின்றன. பல்பின் பின்னால் பளபளப்பான தகடு ஒன்றை வளைத்து வைத்திருப்பதால் பழத்தின் மேல் வெளிச்சம் குறையவில்லை. இரண்டு பல்பும் ஒரு கிலோ மங்குஸ்தான் விலைக்குள் முடிந்தது. செலவு ஓர் இரவுக்கு 3.7 ஆகக் குறைந்தது. மேகம் மூடிய நாளிலும் பேனல் பாதிக்கு மேல் ஈடுகட்டிவிடுகிறது. துண்டு விழுவதற்கு வாரம் ஒரு முறை பேட்டரி வீட்டுக்கு வருகிறது. ஒரு தடவை நிரப்ப அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகிறது.

ஒரு நாள் இரவு தாத்தா கடைக்கு வந்தார். மலைப் பக்கமிருந்து காற்று கூரைத் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல அடித்தது.

"நீ சூரியன் லீவு போட்டுட்டான்னு சொல்லுத. இந்தக் காத்தப் பாரு. இந்த மாசத்துலதான் அது ஓவர்டைம் பாக்குது. கயத்தாறு பக்கம் போனா காத்தாடி எல்லாம் நிக்காமச் சுத்தும். ஊருக்கே கரன்ட் குடுக்குறதும் இந்த வரவு செலவு கணக்குதான். வெயில் கொறஞ்சா காத்து, காத்து கொறஞ்சா தண்ணி, அதுவும் கொறஞ்சா நிலக்கரி. வரவு கொறஞ்சா வேற வரவு, இல்லைன்னா செலவக் கொற. நாங்க முப்பது வருஷமாப் பாத்தது அதான்."

மகள் சின்னதாக ஒரு காற்றாடி செய்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். அதை வெளியே சொல்லவில்லை. அதற்கு இன்னொரு மாட்யூல் வேண்டும்.

கடையை அடைக்கும் நேரம். அப்பா பல்பை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் நோட்டை எடுத்தார். பழத்தின் கணக்கை எழுதினார். அதன் கீழே, யாரும் சொல்லாமலே, அன்றைய வரவு, செலவு என்று பேட்டரியின் கணக்கையும் எழுதினார். பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"எதுக்குப்பா?"

"கருகிப்போச்சுல்லா ஒண்ணு. வாங்கிக்க."

நோட்டில் அந்த 200-ஐயும் எழுதினார். செலவுப் பக்கத்தில்தான். பக்கத்தில் என்ன எழுதினார் என்று அவள் எட்டிப் பார்த்தாள். 'வெளயாட்டுச் சாமான்' என்று இல்லை. 'கடைச் சாமான்' என்று இருந்தது.